சும்மா நடக்க யாரைக் கேட்கணும்?

டாக்டர் சொன்னது இதுதான். "சர்க்கரை ஏறிக்கிட்டே போவுது சார். மாத்திரை மட்டும் போதாது. தினமும் முக்கால் மணி நேரம் நடங்க. முட்டிவலி இருக்கறதால மேடு பள்ளம் வேணாம். சமதரையாப் பாத்து நடங்க. உங்களுக்கென்ன, டெல்டாக்காரங்க. வாய்க்கால் கரை இருக்கு, வயல் இருக்கு, நல்ல காத்து இருக்கு. டவுன்ல நாங்க காசு குடுத்து மெஷின்மேல நடக்கறோம்."

ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வரும்போது எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. நம்மிடம் இல்லாதது ஆயிரம் இருக்கலாம். நடக்க வாய்க்கால் கரை இருக்கிறதே!

அடுத்த நாள் விடியலில் கிளம்பினேன். கார்த்திகை மாதம். எங்கள் தெருவிலிருந்து நூறடி வந்தால் வாய்க்கால். வெண்ணாற்றுத் தண்ணீர் வரும் பாசன வாய்க்கால். பொதுப்பணித்துறை காலத்தில் போட்ட மண் கரை, ஒரு மாட்டுவண்டி போகிற அகலம். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் சம்பா நடவு முடிந்து பச்சை பிடித்த வயல். கண்ணுக்கு எட்டின தூரம்வரை தட்டை. கொக்கும் மடையானும் வரப்பில் நிற்கின்றன. மதகில் தண்ணீர் இறங்குகிற சத்தம். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பிறந்ததிலிருந்து இந்தக் கரையில் நடந்தவன். ஆனால் ஒருநாள்கூட சும்மா நடந்ததில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

இரண்டாவது மதகைத் தாண்டினால் ஊர்க்காரர்கள் நிலம். போர்செட் திண்டில் உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டிருந்த ஒரு பையன், என் மகன் வயசுதான் இருக்கும், கேட்டான்: "என்னா வாத்தியாரே, எங்க இந்தப் பக்கம்?"

கேள்வியில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. சிரித்துக்கொண்டேதான் கேட்டான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கன்னுக்குட்டி ஒண்ணு அவுத்துக்கிட்டு வந்துருச்சு தம்பி, அதத் தேடி வந்தேன்" என்றேன்.

என்னிடம் மாடும் கிடையாது, கன்னுக்குட்டியும் கிடையாது.

திரும்பி வரும்போது கூசிப்போனது. அம்பேத்கரைப் படித்தவன். மேடையில் பேசியவன். பிள்ளைகளுக்கு அரசியல் சட்டம் சொல்லிக் கொடுத்தவன். ஏன் பொய் சொன்னேன்? அந்தப் பையனைக் கண்டு எனக்குப் பயமில்லை. யோசித்துப் பார்த்தால் அது என் பொய்யே இல்லை. என் அப்பா வாயில் இருந்த பொய். அவருக்கு அவர் அப்பா கொடுத்த பொய். சேரிக்காரன் வாய்க்கால் கரையில் போனால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். கையில் மண்வெட்டி இருக்கணும், இல்லாவிட்டால் தலையில் கட்டு இருக்கணும். இரண்டும் இல்லாமல் கையை வீசிக்கொண்டு நடந்தால் அவன் தேங்காய் பறிக்க வந்தவன், நெல்லைக் கசக்க வந்தவன், பொண்ணைப் பார்க்க வந்தவன். நமக்கு நடை என்றால் வேலைக்குப் போவது, பிணம் தூக்கிப் போவது, அடிக்கு ஓடுவது. நாலாவதாக ஒரு நடை இருக்கிறது என்று டாக்டர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

*

இந்த டெல்டாவின் மிகப் பழைய நடைக்கதை யாருடையது என்று நினைக்கிறீர்கள்? நந்தனுடையது. பெரியபுராணம் அவரைத் திருநாளைப்போவார் என்கிறது. நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று சொல்லிச் சொல்லியே அது அவர் பேராகிவிட்டது. ஒரு மனிதனுடைய பெயரே அவனுக்குக் கிடைக்காத நடையின் பெயர்!

19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி நந்தன் சரித்திரம் பாடியபோது ஒரு வேதியர் ஆண்டையை உள்ளே கொண்டுவந்தார். சிதம்பரம் போக உத்தரவு கேட்கிறான் பண்ணையாள். நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டை. நாற்பது வேலி என்றால் ஏறக்குறைய இருநூற்று அறுபது ஏக்கர். ஒரே ராத்திரியில் பயிர் விளைந்து நின்றதாம், கடவுள் செயலாம். பண்ணையாளுக்கு லீவு வாங்கிக் கொடுக்கக் கடவுளே வரவேண்டியிருந்தது. அப்படியும் தில்லைக்குள் நுழையத் தீக்குளிக்க வேண்டியிருந்தது.

ஆதனூரிலிருந்து தில்லைக்குப் போகிற வழியில் மலை இல்லை, பாலைவனம் இல்லை. ஆறும் வாய்க்காலும் வயலும்தான். குழந்தைகூட நடக்கும். காலுக்கு அதைவிடச் சுலபமான வழி தமிழ்நாட்டில் கிடையாது. காவிரி நடந்து வந்தாள் என்று சிலப்பதிகாரம் கொண்டாடுகிறது. ஆறு நடக்கலாம். அந்த ஆற்றை வயலுக்குக் கொண்டுபோனவன் நடக்க உத்தரவு வேணும்.

1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை மாகாண சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த ஊரிலும் எந்தப் பொதுச்சாலையிலும் தெருவிலும் பாதையிலும் எந்த வகுப்பாரும் நடக்கலாம், பொதுக்கிணற்றைப் பயன்படுத்தலாம் என்பதுதான் அதன் சாரம். நடக்கலாம் என்று சட்டசபையில் தீர்மானம் போட வேண்டியிருந்த நாடு இது. அதே 1924-இல்தான் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காக வைக்கத்தில் போராட்டம் தொடங்கியது. 1927 மார்ச் 20-இல் மகாடில் அம்பேத்கர் என்ன செய்தார்? மாநாட்டுக்கு வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு சவுதார் குளத்துக்கு நடந்தார். தண்ணீர் குடித்ததை எல்லோரும் சொல்கிறோம். குளம்வரை ஊருக்குள் நடந்ததும் போராட்டம்தான்.

*

டெல்டா சமதரை என்கிறார்கள். வந்து பாருங்கள். கல்லணையிலிருந்து கடல்வரை நிலம் மெல்லச் சாய்ந்துகொண்டே போகிறது. நடக்கிறவன் காலுக்கு அது தெரியாது. தண்ணீருக்குத் தெரியும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று தண்ணீர் பிரிகிறது. வெள்ளம் வந்தால் கொள்ளிடம். கல்லணைக் கால்வாய் 1934-இல் மேட்டூர் அணையோடு வந்தது. தஞ்சாவூரில் அதைப் புது ஆறு என்றுதான் சொல்கிறார்கள். தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு பிரிகிறது. ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்கால், அதிலிருந்து மடை. தலைமடைக்காரன் குளித்துக் கும்மாளம் போடும்போது கடைமடைக்காரன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

தமிழில் கிழக்கு என்றாலே கீழ். மேற்கு என்றாலே மேல். தண்ணீர் மேலிருந்து கீழே, மேற்கிலிருந்து கிழக்கே வருகிறது. எங்கள் தெருவுக்குப் பெயர் கீழத்தெரு. ஊர்த்தெருவைவிட இரண்டடி பள்ளம். அடைமழையில் ஊர் வயல் வடிந்த தண்ணீரெல்லாம் எங்கள் அடுப்பில் வந்து நிற்கும். மண்ணில் மேடு பள்ளம் தேடுகிறவன் டெல்டாவில் ஏமாந்து போவான். இங்கே மேடும் பள்ளமும் தெருவில் இருக்கிறது.

இந்த வாய்க்காலை யார் வெட்டினார்கள்? கோடையில் தூர் வாரினது யார்? குடிமராமத்து என்று கௌரவமாக எழுதி வைத்திருக்கிறார்கள். மண்ணைச் சுமந்த தலைக்குப் பெயர் போடவில்லை. ராத்திரியில் மடை பார்த்தவன், உடைப்பு எடுத்தால் மண்மூட்டையோடு குதித்தவன், ஊருக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டவன் எங்கள் வெட்டியான். அவன் திறந்துவிட்ட தண்ணீருக்குத் தீட்டு இல்லை. அதே தண்ணீர் ஊர்க்குளத்தில் போய் நின்ற பிறகு அவன் இறங்கினால் தீட்டு. 2005-இல் சட்டமாகி வந்த நூறு நாள் வேலையிலும் இந்த வாய்க்கால்களை வாரினது பெரும்பாலும் நம்ம பொம்பளைகள்தான். வாரலாம், வெட்டலாம், காவல் இருக்கலாம். காலாற நடந்தால் மட்டும் "எங்க இந்தப் பக்கம்?"

*

கரையில் நடக்கத் தொடங்கிய பிறகு ஒரு மார்கழிக் காலையில் தேவூரில் பஸ்ஸைவிட்டு இறங்கி வெண்மணிக்கு நடந்தேன். இரண்டு பக்கமும் பயிர். அமைதியான, தட்டையான பூமி. படம் எடுக்கிறவர்களுக்குப் பிடிக்கும். 1968 டிசம்பர் 25 இரவில் கூலி உயர்வு கேட்டதற்கும் சங்கம் வைத்ததற்கும் 44 பேரை ஒரே குடிசைக்குள் வைத்து எரித்த பூமி. பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், கிழடுகள்.

இதை எல்லோரும் அறிவோம். தீர்ப்பில் நடை பற்றி ஒரு வாதம் வருகிறதே, அதை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? கீழ்க்கோர்ட்டில் 1970-இல் தண்டிக்கப்பட்ட மிராசுதாரர்களை 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று: இவர்கள் பணக்காரர்கள், ஏராளமான நிலம் உள்ளவர்கள், அதில் ஒருவர் கார்கூட வைத்திருக்கிறார், இப்படிப்பட்டவர்கள் வேலைக்காரர் துணைகூட இல்லாமல் தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்தார்கள் என்பதை நம்ப முடியவில்லை.

நன்றாகப் படியுங்கள் தோழர்களே. கார் வைத்திருப்பவன் நடக்க மாட்டான். நடக்காதவன் குற்றம் செய்திருக்க மாட்டான். அப்படியானால் நடக்கிறவன் யார்? சந்தேகத்துக்கு உரியவன். போர்செட் திண்டில் உட்கார்ந்திருந்த பையன் சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் அந்த நீதிபதிகளுக்கும் அவனுக்கும் ஒரே பள்ளிக்கூடம்.

இதே வரப்புகளில் வேறொரு நடையும் நடந்தது. 1943-இல் பி. சீனிவாசராவ் இந்தப் பக்கம் வந்து விவசாயச் சங்கம் கட்டியபோது, சாணிப்பாலும் சவுக்கடியும் ஆண்டைகளின் சட்டமாக இருந்தது. சங்கம் சேரி சேரியாக நடந்துதான் பரவியது. இருட்டில் வரப்புக் காட்ட நம்மைத் தவிர யாரால் முடியும்? இந்த மண்ணின் ஒவ்வொரு மதகும், ஒவ்வொரு வளைவும் நம் பாட்டன்களின் காலுக்குத் தெரியும். அந்த அறிவைத்தான் நாம் இன்றைக்கு மறந்துகொண்டிருக்கிறோம்.

*

என் பாட்டி செத்தபோது எனக்குப் பன்னிரண்டு வயசு. சுடுகாட்டுக்கு நல்ல பாதை இருந்தது. அது ஊர்த்தெரு வழியாகப் போனது. அதனால் எங்களுக்கு வயல்தான் பாதை. முழங்கால் சேறு, நட்ட பயிர், நடுவே பாலம் இல்லாத ஒரு வாய்க்கால். மார்பளவு தண்ணீரில் நாலு பேர் பாடையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். என் சித்தப்பா கால் வழுக்கியபோது பாடை சாய்ந்தது. பாட்டியின் கை வெளியே வந்து தண்ணீரைத் தொட்டது. ஐம்பது வருஷம் அந்த வயலில் நாற்று நட்ட கை. மறுநாள் பயிரை மிதித்துவிட்டோம் என்று அபராதம் கேட்டு ஆள் வந்தது.

அது அந்தக் காலம் என்று சொல்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். 2016 ஜனவரி. இதே டெல்டாவில், மயிலாடுதுறைப் பக்கம் திருநாள்கொண்டச்சேரி. நம் பெரியவர் ஒருவரின் உடலைப் பொதுப்பாதை வழியாக எடுத்துச் செல்ல உயர்நீதிமன்றமே உத்தரவிட்டது. அதன் பிறகும் போலீஸ் உடலைத் தன் கையில் எடுத்துக்கொண்டு வேறு வழியாகக் கொண்டுபோய்ப் புதைத்தது. அதே ஜனவரி 26-இல்தான் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்குச் செய்த 2015 திருத்தம் அமலுக்கு வந்தது. ஆறு, குளம், கிணறு, பாதை, சுடுகாடு இவற்றைப் பயன்படுத்தவிடாமல் தடுத்தால் குற்றம். பொது இடத்தில் செருப்புப் போடுவதை, சைக்கிள் ஓட்டுவதைத் தடுத்தால் குற்றம். செருப்பும் சைக்கிளும் 2015-இல் பாராளுமன்றச் சட்டத்தில் ஏறுகிறது என்றால் எத்தனை ஊரில் இன்னும் செருப்பு கைக்குப் போகிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

*

இதையெல்லாம் வீட்டில் சொன்னேன். "நீயும் வாயேன், உனக்கும் சர்க்கரை இருக்கே" என்றேன். என் மனைவி சிரித்தாள்.

"நான் நடக்காத நடையா? இருட்டோட எழுந்து கரைக்குப் போனது ஒரு நட. நடவுக்கு நாலு மைல் போனது ஒரு நட. நாத்துமுடியத் தூக்கிக்கிட்டு வரப்புல ஓடுனது ஒரு நட. எனக்கு உக்காரணும்போல இருக்கு." அப்புறம் சொன்னாள்: "நீங்க சும்மா நடந்தா திருடன்னுவான். நான் சும்மா நடந்தா என்னன்னுவான்? அதையும் ஊர்க்காரன் மட்டுமா கேப்பான்? நம்ம தெரு ஆம்பளைங்க கேக்க மாட்டாங்களா?"

பதில் சொல்ல முடியவில்லை. கேட்போம். நானே கேட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண் சாயங்காலம் கரைப்பக்கம் போனால் "எங்கம்மா இந்தப் பக்கம்?" என்று என் வாயும் கேட்டிருக்கிறது. ஆண்டையிடம் வாங்கியதை நாம் வீட்டுக்குள் கொண்டுவந்து பெண்கள்மேல் இறக்கி வைத்திருக்கிறோம். நம்மை ஒருத்தன் கேட்கக் கூடாது என்றால் முதலில் நாம் கேட்பதை நிறுத்த வேண்டும்.

*

இதை எழுதப்போகிறேன் என்றதும் ஒரு தோழர் கோபப்பட்டார். "நிலம் கேக்க வேண்டிய நேரத்துல நடைப்பயிற்சி பத்தி எழுதறீங்களா? இது உத்தியோகம் பாத்து ரிட்டயர் ஆன நடுத்தர வர்க்க ஆசை அண்ணே" என்றார்.

ஆசைதான். நடுத்தர வர்க்கத்துக்கு மட்டும்தான் காத்து வாங்க ஆசை வரணுமா? ஆனால் அவருக்கு நான் சொன்ன பதில் வேறு. ஆற்றங்கரை, வாய்க்கால் கரை எல்லாம் அரசாங்கப் புறம்போக்கு, பொதுச்சொத்து. அதில் பொய் சொல்லாமல் நடக்க முடியாதவன், தாலுகா ஆபீசில் நிமிர்ந்து நின்று பட்டா கேட்பானா? 1890-களில் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கையை ஒட்டி ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் கைமாறிப் போனது நமக்கு எப்படித் தெரிந்தது? காகிதத்தைப் பார்த்தோம், பிறகு போய் நிலத்தைப் பார்த்தோம். நிலத்தைப் பார்க்காதவனுக்குக் காகிதம் வெறும் காகிதம்தான். எந்தக் கரை எங்கே குறுகியிருக்கிறது, எந்தப் பாதை எவன் தோப்புக்குள் போய்விட்டது, எந்தச் சுடுகாட்டுக்கு வழி இல்லை என்பதை நடந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.

இப்போது பட்டணத்திலிருந்து சனி ஞாயிறுகளில் கூட்டமாக வந்து டெல்டாவில் நடக்கிறார்கள். வரட்டும். நல்ல விஷயம். அவர்களை யாரும் "எங்க இந்தப் பக்கம்?" என்று கேட்பதில்லை, இளநீர் வெட்டிக் கொடுக்கிறார்கள். எனக்குப் பயம் அவர்களைப் பற்றி இல்லை. நாளைக்கு யாராவது கரையை அழகுபடுத்தி நடைபாதை போடப்போகிறோம் என்று வந்தால், முதலில் இடிபடுவது கரைமேல் போக்கிடம் இல்லாமல் குடியிருக்கும் நம் குடிசைதான். அன்றைக்குப் பேச நமக்குக் கரையைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். பொங்கல் லீவுக்கு ஊருக்கு வரும்போது நாலைந்து பேர் சேருங்கள். ஆணும் பெண்ணுமாகச் சேருங்கள். உங்கள் ஊர் வாய்க்காலைத் தலைமடையிலிருந்து கடைமடைவரை நடந்து பாருங்கள். கஷ்டமான காரியம் ஒன்றுமில்லை, தட்டைபூமி, விடியலில் கிளம்பினால் வெயில் ஏறுமுன் நல்ல தூரம் போகலாம். கொடி வேண்டாம், கோஷம் வேண்டாம். காலில் செருப்பு இருக்கட்டும். எந்தத் தெரு வந்தாலும் அது கையில் ஏறக்கூடாது. பயிரை மட்டும் மிதிக்காதீர்கள், அதை நட்டது நம்ம ஆத்தா. ஒரு நோட்டு கொண்டுபோங்கள். கரைக்கு இந்தப் பக்கம் யார் நிலம், அந்தப் பக்கம் யார் நிலம்? குத்தகைக்கு உழுகிறவன் யார்? சேரி எந்தத் திசையில், எவ்வளவு பள்ளத்தில்? தண்ணீர் அங்கே எத்தனை நாள் கழித்து வருகிறது, வெள்ளம் எத்தனை நாள் முன்னால் வருகிறது? சுடுகாட்டுப் பாதை எது, நடுவில் பாலம் உண்டா? உங்களை எத்தனை பேர், எந்த இடத்தில் நிறுத்திக் கேட்டார்கள்? எழுதி வையுங்கள். ஐம்பது வாய்க்காலுக்கு இப்படி ஐம்பது நோட்டு சேர்ந்தால் எந்தக் கலெக்டர் ஆபீசிலும் இல்லாத ஆவணம் நம்மிடம் இருக்கும்.

நான் விடவில்லை. நாலாம் நாளும் அதே கரை, அதே போர்செட், அதே பையன். "என்னா வாத்தியாரே, கன்னுக்குட்டி கெடச்சுதா?"

நின்றேன். "கன்னுக்குட்டியே கெடயாது தம்பி. அன்னைக்கு பொய் சொன்னேன். சும்மா நடக்கறேன்."

"சும்மாவா?"

"சும்மாதான். நாளைக்கும் வருவேன்."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் மூன்றாவது மதகுவரை போய்த் திரும்பினேன். இப்போது தினமும் போகிறேன். இரண்டு வாரமாக எங்கள் தெருப் பையன்கள் மூன்று பேர் கூட வருகிறார்கள். என் மனைவியும் ஒருநாள் வந்தாள். முதல் மதகில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த எடம் இவ்ளோ நல்லாருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க" என்றாள். நாற்பது வருஷமாக அவள் நாற்று நட்ட வயல் அது.